வெறும் பீங்கான் திரும்புவதில்லை

சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அயல் வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. உம்மும்மா இதில் மிகவும் கண்டிப்பானவர். வீட்டில் பலகாரம் எதுவும் இல்லாவிட்டால் பின் வளவுக்குப் போவார். நாலு பச்சை மிளகாய், ஒரு தேசிக்காய், அல்லது ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதுவும் இல்லையென்றால் இரண்டு ரம்பை இலை. கழுவித் துடைத்த பீங்கானில் அதை வைத்து என் கையில் தருவார்.

"கொண்டு போய்க் குடு மகள். வெறும் பீங்கான் திரும்பப் போகக் கூடா."

ஏன் கூடாது என்று நான் கேட்டதில்லை. அது ஒரு மரியாதைப் பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, சமூக சேவையைத் தொழிலாகவும் எடுத்துக்கொண்ட பிறகும்கூட அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஒரு சகோதரியின் முன்னால் நான் வெட்கப்பட்டு நின்ற நாளுக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் தோட்டம் எனக்குக் கற்றுத் தந்ததையும் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முகத்தை மறைத்த முந்தானை

எங்கள் கலேவெல, குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட ஊர். தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் இங்கிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தூரம்தான். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரக்கறி வந்து குவிந்து, மீண்டும் நாடு முழுவதும் பிரிந்து செல்லும் இடம் அது. எங்கள் பிரதேசத்திலும் தேவஹூவ குளத்து நீரில் நெல் விளைகிறது. பெரிய வெங்காயமும் விளைகிறது. இரவில் மரக்கறி லொறிகள் பிரதான வீதியால் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் உறங்குகிறோம்.

அப்படிப்பட்ட ஊரிலும் 2022 ஆம் ஆண்டில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் விளைச்சல் விழுந்துவிட்டது. அதன் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், எரிபொருள் வரிசையும், எரிவாயு வரிசையும் வந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது. முந்திய வருடம் 1000 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இப்போது 1950 ரூபா வேண்டும் என்பதே இதன் பொருள். நாட்டில் 63 லட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அந்த ஆண்டில் மதிப்பிட்டன.

அந்த நாட்களில் நான் இணைந்திருந்த ஓர் அமைப்பு உலருணவுப் பொதிகள் பகிர்ந்தது. அரிசி, பருப்பு, சீனி, மா, தேயிலை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பதோடு, பொதி கொடுக்கும்போது படம் பிடிப்பதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். வரிசையில் ஓர் இளம் தாய் நின்றார். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. கணவர் நாட்கூலிக்குப் போகிறவர். டீசல் இல்லாததால் வேலையும் இல்லை. பொதியை வாங்கும் நேரத்தில் நான் கெமராவைத் தூக்கினேன். அவர் சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க தங்கச்சி" என்றேன். ஆம், நான்தான் அப்படிச் சொன்னேன். அவர் பார்த்தார். நான் படம் பிடித்தேன்.

அடுத்த மாதப் பங்கீட்டுக்கு அவர் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அடுப்பில் அரிசிக் கஞ்சி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. "எங்களவிடக் கஷ்டப்பட்டவங்க ஈக்கிறாங்க தாத்தா, அவங்களுக்குக் குடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தாலும் பரவாயில்லை, இன்னொரு முறை அந்தக் கெமராவுக்கு முன் நிற்க முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். என் கையால் நடந்தது அது.

திருப்பி அனுப்ப முடியாத பீங்கான்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே கிளிசரியா வேலி. அந்த வீட்டில் இருப்பவர் சிங்கள ஆச்சி ஒருவர். சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கிருந்து கொக்கிஸும் பணியாரமும் வரும். பெருநாளைக்கு இங்கிருந்து வட்டிலப்பம் போகும். நோன்பு காலத்தில் கஞ்சி போகும். இப்படி வருடக்கணக்காக நடந்தது.

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து குறைந்து, பின் நின்றே போனது. யாரும் யாரையும் ஏசவில்லை. நாங்கள் கொடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எங்களுக்குத் தயக்கம். அவர்களுக்கும் அதே தயக்கமாக இருந்திருக்க வேண்டும். மூன்று வருடங்கள் வேலியோரத்தில் தலையசைப்போடு நின்றுவிட்டது உறவு.

2022 ஜூன் மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், வேலி இடைவெளியால் ஆச்சி வந்தார். கையில் ஒரு பீங்கான். அவித்த பலாச்சுளை, மேலே துருவிய தேங்காய். "அரிசி விலைக்கு இதுதான் துவே இப்ப சோறு" என்று சிங்களத்தில் சொல்லி உம்மாவிடம் நீட்டினார்.

சிங்கள மக்கள் பலா மரத்தைச் சோற்று மரம் என்று சொல்வது காரணத்தோடுதான். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ் என்பவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நடச் செய்வதையே ஓர் இயக்கமாக நடத்தினார். மக்கள் அவருக்கு 'கொஸ் மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் பலா மரத்தை வெட்டவும் முடியாது. ஈரப்பலாவுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. யாரோ எப்போதோ நட்ட அந்த மரங்கள் 2022 இல் எத்தனையோ வீடுகளில் ஒரு வேளைச் சோறாக இருந்தன.

பலாச்சுளையைச் சாப்பிட்டுவிட்டோம். இப்போது பீங்கானை எப்படித் திருப்பி அனுப்புவது? சீனி இல்லை, மா இல்லை. பின் வளவில் உம்மும்மாவின் காலத்து மிளகாய்ச் செடியும் இல்லை. கறிவேப்பிலை மரமும் பட்டுப் போயிருந்தது. நானும் உம்மாவும் வேலைக்கும் கடைக்கும் ஓடியதில் அந்தப் 10 பேர்ச்சஸ் காணி புல் முளைத்துக் கிடந்தது. பீங்கானைக் கழுவித் தட்டில் வைத்தோம். அது அங்கேயே இருந்தது. நான் மண்வெட்டியை எடுத்ததற்கு அதுதான் காரணம்.

கலேவெலையில் கரட்

அந்த ஜூன் மாதத்தில்தான், வீட்டுத் தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. எங்கும் வீட்டுத் தோட்டம் பற்றியே பேச்சு. நானும் ஆசையோடு விதைப் பக்கெட்டுகள் வாங்கி வந்தேன். தக்காளி, கறி மிளகாய், கோவா, கரட். உம்மா பக்கெட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நுவரெலியாவக் கொண்டு வந்து கலேவெலைல நடப் போறியா?"

அப்படியேதான் ஆனது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் காய்ந்த காற்று வீசும் காலம். கிணற்றில் நீர் அடிக்குப் போகும். முளைத்த கொஞ்சமும் வாடியது. தப்பியிருந்த தக்காளியை ஒரு காலையில் குரங்குக் கூட்டம் வந்து முடித்தது. கடித்து, பிடிக்காமல் எறிந்துவிட்டுப் போயிருந்தன. எங்கள் ஊரில் இது தினமும் நடக்கும் சண்டை. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிடங்களுக்கு, வீடுகளிலும் தோட்டங்களிலும் நிற்கும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணும்படி அரசாங்கம் நாடு முழுவதையும் கேட்டுக்கொண்டதே, நினைவிருக்கிறதா? எங்கள் வீதியில் அன்றைக்கும் சிரிப்புத்தான். மற்ற நாட்களிலும் நாங்கள் அவற்றைத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

ஒரு மரத்தை நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. தக்காளிச் செடிகளுக்கு முன்னால் நான் நின்றபோது உம்மா அதைத்தான் நினைவூட்டினார். அந்த நேரத்தில் எனக்கு ஸதகாவின் நினைவு வரவில்லை, கல்லின் நினைவுதான் வந்தது. ஆனாலும் அந்த நபிமொழி மனதில் தங்கிவிட்டது.

ஒக்டோபரில் முதல் மழை விழுந்தபோது உம்மா சொன்னபடி செய்தேன். ஊருக்கு ஏற்றதை நட்டேன். மண்ணுக்குள் விளையும் மரவள்ளியும் வற்றாளையும் ஒரு பக்கம். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் கங்குனும். வேலியோரத்தில் பயற்றை. கிணற்றடியில் வல்லாரை. வெயில் படும் இடத்தில் வெண்டி, கத்தரி, மிளகாய். முன் வாசலில் முருங்கைத் தடி ஒன்று. பொச்சு மட்டைகளைச் செடியைச் சுற்றிப் புதைத்தேன். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வேலியில் வெட்டிய கிளிசரியா இலை மண்ணுக்கு உரமானது. மீன் கழுவிய தண்ணீர் புதிய கறிவேப்பிலைக் கன்றுக்குப் போனது. பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும். மருந்து கடையிலிருந்து எதுவும் வாங்கவில்லை.

நான்கு கிழமைக்குள் கங்குன் வெட்டக் கூடியதாக வந்தது. பச்சைக் கீரையின் ஈரத்தோடு அதைக் கையில் பிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சம்பளம் வாங்கிய நாளிலும் அப்படி இருந்ததில்லை. முதல் கட்டை ஆச்சியின் பீங்கானில் வைத்துக் கொண்டு போனேன். நாலு மாதம் எங்கள் வீட்டிலிருந்த பீங்கான் அது. ஆச்சி கீரையைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார். "இது எங்க போச்சு என்று தேடிக்கொண்டிருந்தேன் துவே" என்றார். அடுத்த வாரமே அது பொலொஸ் கறியோடு வேலியால் திரும்பி வந்தது.

வெண்டிக்காய் காத்திருக்காது

தோட்டம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கிறது. விளைச்சல் நம் தேவையைக் கேட்டு வருவதில்லை. ஒரு கிழமைக்கு ஒன்றுமில்லை. அடுத்த கிழமை பயற்றங்காய் கொடி முழுவதும் தொங்கும். வெண்டிக்காயை இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நாராகிவிடும். பப்பாசி பழுத்தால் மூன்று பேர் உள்ள வீட்டில் முடிக்க முடியாது. கடையில் வாங்குகிறபோது மிச்சமே இருக்காது. தோட்டத்தில் ஏழைக்கும் மிஞ்சும். மிஞ்சினால் கொடுத்தே ஆக வேண்டும். அப்படிக் கொடுப்பதில் யாருக்கும் தாழ்வில்லை, ஏனென்றால் வாங்குகிறவர் வீட்டிலும் ஏதோ ஒன்று மிஞ்சித்தான் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925 இல் கொடையைப் பற்றி எழுதிய ஆய்வைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தே மனிதரைப் பிணைக்கின்றன என்பதும், திருப்பிச் செய்ய வழியில்லாத கொடை பெற்றவரைத் தாழ்த்திவிடும் என்பதும் அவருடைய கருத்து. அதற்கு நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் வெண்டிக்காயைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தபோதுதான், உம்மும்மா எனக்குச் சொன்னதும் மோஸ் எழுதியதும் ஒன்றுதான் என்று புரிந்தது. நாங்கள் வரிசையில் நிறுத்திப் பொதி கொடுத்த தாய்மாருக்குத் திருப்பித் தர ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. வெறும் பீங்கானோடு அவர்களை நிறுத்தினோம். போதாததற்குப் படமும் பிடித்தோம்.

அந்த இளம் தாயின் வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்த முறை பொதி கொண்டு போகவில்லை. ஐந்து மரவள்ளித் தடிகளும், ஒரு பிடி பயற்றை விதையும், ஒரு கட்டு வற்றாளைக் கொடியும் கொண்டு போனேன்.

"இது சும்மா இல்ல, கடன்" என்றேன். "உங்கட பயத்தங்கொடி காச்சதும் ஒரு பிடி விதை எனக்குத் திருப்பித் தரணும். எங்கிட்ட விதை முடிஞ்சி போச்சி."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விதையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அதே முந்தானைதான்.

2023 ஜனவரி இறுதியில் ஒரு மாலை எங்கள் வாசலில் அவர் நின்றார். ஒரு சொப்பிங் பேக் நிறையப் பயற்றங்காய். பத்திரிகைத் தாளில் சுற்றிய காய்ந்த விதை ஒரு பிடி. மூத்த பிள்ளையின் கையில் நாலு வெண்டிக்காய்.

"எங்கட வீட்டுக் காய் தாத்தா. மருந்தடிக்கல்ல" என்றார். நான் கை நீட்டி வாங்கினேன். அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

"இன்டைக்கு கெமரா கொண்டு வரல்லியா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சிரித்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது. "அத உடுங்க தாத்தா, இத ஆணத்துக்குப் போடுங்க" என்றார். அந்தப் படத்தை என்னிடமிருந்து அழித்துவிட்டேன். அனுப்பியதை அழிக்க முடியாது. அதன் பிறகு உதவி பெறும் ஒருவரின் முகத்தையும் நான் படம் பிடித்ததில்லை. நன்கொடையாளர் கேட்டால் பட்டியலும் பற்றுச்சீட்டும் கொடுக்கலாம், முகம் எதற்கு?

ஒரு பிஸ்கட் டின்

அந்த ஒரு பிடி விதையிலிருந்து எங்கள் விதைப் பெட்டி தொடங்கியது. பெட்டி என்றால் ஒரு பழைய பிஸ்கட் டின்தான். உள்ளே மருந்துக் குப்பிகளில் பயற்றை, வெண்டி, கத்தரி, பூசணி, பசளி விதைகள். ஈரம் புகாதிருக்கக் கொஞ்சம் சாம்பல். இப்போது 14 வீடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆச்சியின் வீடும் அதில் ஒன்று. எங்களிடம் 'பயனாளிகள்' பட்டியல் கிடையாது. விதை எடுத்தவர் காய்த்த பிறகு ஒரு பிடி திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வரண்ட பருவத்தில் காய்க்காமல் போனவர்கள் அடுத்த மழைக்கு வைப்பார்கள். யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இதை வாசித்துவிட்டு வீட்டுத் தோட்டம் வறுமையை ஒழித்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அரிசியும் பருப்பும் பால்மாவும் கடையிலிருந்துதான் வர வேண்டும். கூலி உயராமல், விலை இறங்காமல் பயற்றங்காயால் மட்டும் ஒரு குடும்பம் வாழாது. காணியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மாத்தளைத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழும் சகோதரிகளிடம் போய், தோட்டம் செய்யுங்கள் என்று சொல்வது இலகு. அவர்களுக்கு உரப்பையிலும் பழைய டயரிலும் நாலு செடி வைக்கத்தான் இடம் கிடைக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டம் என்றால் தண்ணீர் சுமப்பது யார்? பெரும்பாலும் பெண்தான். சமையலும் பிள்ளையும் கூலி வேலையும் போதாதென்று இதையும் அவள் தலையில் வைத்தால் அது சந்தோஷமாக இராது. எங்கள் 14 வீடுகளிலும் வாளி தூக்குவது ஆண் பிள்ளைகளின் வேலை என்று வைத்திருக்கிறோம். சில வீடுகளில் நடக்கிறது. சில வீடுகளில் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

பகிரும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே நச்சுப் பொருள் இருக்கிறது. தோலை முழுவதும் சீவி, சட்டியை மூடாமல் நன்றாக அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். 1970களில் பாணுக்கு வரிசையில் நின்று மரவள்ளி தின்று வாழ்ந்த உம்மும்மாவின் தலைமுறைக்கு இது பாடம். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் கிழங்கைக் கொடுக்கும்போது இந்த வார்த்தையையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

சகோதரிகளே, பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு உரப்பையில் ஒரு மிளகாய்க் கன்று போதும். காய்த்தால் முதல் பிடியை அயல் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆணத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அயலவரையும் நினைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அயலவர் யார், எந்த மொழி பேசுகிறவர் என்று அதில் பிரிவு இல்லை. அதைவிட முக்கியமாக, அயல் வீட்டிலிருந்து ஏதும் வந்தால் மனம் நிறைந்து வாங்கிக்கொள்ளுங்கள். உதவி செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் கஷ்டமான பாடம். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கு வாங்கத் தெரிவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறை மேசையில் ஆச்சியின் பீங்கான் இருக்கிறது. நேற்று ஈரப்பலாக் கறியோடு வந்தது. கொல்லையில் இன்றைக்கு வெண்டிக்காய்தான் இருக்கிறது. பறித்து வைத்துவிட்டேன். இருட்டுவதற்குள் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.